பேச மறுக்கும் செயலி: கியூடியில் குரல் பிளகின் காணாமல் போனால் எங்கே தேடுவது

எங்கள் அத்தைக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிக் கொஞ்ச காலமாகிறது. நாளிதழை மூக்குக்கு அருகில் பிடித்துப் பார்ப்பார், பெருமூச்சு விட்டு மடித்து வைத்துவிடுவார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறோம். தெருவில் இறங்கினால் பார்வையற்றவர்கள் கோலால் தடவி நடப்பதற்கென்று மேடு வைத்த கற்கள் பதித்த நடைபாதை, 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இந்த வட்டாரத்தில்தான். ஆனாலும் அத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். "எனக்குக் கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இவர்கள்தான் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள்" என்பார்.

அவருக்காக ஒரு சின்னச் செயலி எழுதினேன். தமிழ்க் கட்டுரையை ஒட்டினால் சத்தமாக வாசிக்கும், அவ்வளவுதான். என் மடிக்கணினியில் உபுண்டு, அத்தை வீட்டில் விண்டோஸ், அண்ணன் மகளிடம் மேக், எல்லோர் கையிலும் ஆண்ட்ராய்டு. ஒரே நிரல் நான்கிலும் ஓடட்டும் என்று கியூடி என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பைப் பிடித்தேன். என் கணினியில் கணீரென்று பேசியது. அத்தை வீட்டில் பொத்தானை அழுத்தினால் மௌனம். "என்னடா தம்பி, இது ஊமையாக இருக்கிறதே" என்றார். செயலியின் பதிவான லாகைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு வரி: நோ டெக்ஸ்ட் டு ஸ்பீச் பிளகின்ஸ் வேர் ஃபவுண்ட். பேச்சுக்கான பிளகின், அதாவது செயலியோடு ஒட்டிக்கொள்ளும் துணைக் கோப்பு, ஒன்றுமே கிடைக்கவில்லையாம்.

அந்த ஒரு வரிக்காக நான்கு ராத்திரி போயிற்று. அந்தக் கணக்கில்தான் இந்த வழிகாட்டி. கட்டளைகளையும் பெயர்களையும் உச்சரிப்பில் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த "இல்லை" என்று முதலில் பாருங்கள்

நான் செய்த தப்பு இதுதான். செய்தியைப் பார்த்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் நிறுவ ஆரம்பித்தேன். "பேசவில்லை" என்ற ஒரே நோய்க்குள் நான்கு வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. கியூடி ஸ்பீச் என்ற பகுதியே உங்கள் நிறுவலில் இல்லாமல் இருக்கலாம். பகுதி இருந்து, பிளகின் கோப்பு செயலியோடு போய்ச் சேராமல் இருக்கலாம். கோப்பு போய்ச் சேர்ந்தும், அது சார்ந்திருக்கும் வேறொரு லைப்ரரி இல்லாததால் திறக்க மறுக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் தமிழ்க் குரல் மட்டும் இல்லாமல் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது.

அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன், செயலியின் தொடக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: கியூடெக்ஸ்ட்டுஸ்பீச் வகுப்பின் அவெய்லபிள்எஞ்சின்ஸ் செயற்கூறு தருகிற பட்டியலை லாகில் அச்சிடுங்கள். இது நிலைச் செயற்கூறு, பொருள் எதுவும் உருவாக்காமலே கூப்பிடலாம். அதில் வருவது எஞ்சின்களின், அதாவது பேச்சை உண்டாக்கும் நிரல்களின், பெயர்கள்; வரக்கூடியவை சிலதான். லினக்ஸில் ஸ்பீச்டி அல்லது ஃப்ளைட், விண்டோஸில் சாப்பி அல்லது வின்ஆர்டி, ஆப்பிளில் டார்வின் அல்லது மேக்ஓஎஸ், ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டு. கியூடி 6இல் மாக் என்று ஒன்றும் வரலாம், அது சோதனைக்கானது, சத்தமே போடாது. பட்டியலில் மாக் மட்டும் இருந்தால் பட்டியல் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைப் பார்த்து "எஞ்சின் இருக்கிறதே" என்று ஸ்பீக்கர் வயரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டியல் காலி என்றால் கீழே வரும் முதல் மூன்று படிகள் உங்களுக்கு. பட்டியலில் பெயர் இருந்தும் பேசவில்லை என்றால் இரண்டாம் படியின் கடைசிப் பகுதியையும் மூன்றாம் படியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, நேராகத் தமிழ்க் குரல் பகுதிக்குப் போங்கள்.

படி 1: கியூடி ஸ்பீச் நிறுவப்பட்டிருக்கிறதா

இதில் ஒரு பழைய கதை உண்டு. கியூடி ஸ்பீச் முதலில் 5.8 பதிப்போடு 2017இல் வந்தது. பிறகு கியூடி 6 வந்தபோது இந்தப் பகுதி கூட வரவில்லை, 6.0 முதல் 6.3 வரை கிடையாது, 2022 செப்டம்பரில் வந்த 6.4இல்தான் திரும்பியது. ஆகவே நீங்கள் 6.2இல் உட்கார்ந்துகொண்டு தேடினால் விடியும்வரை தேடலாம். 6.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பாக வந்தது என்பதால் பல அலுவலகங்களில் இன்னமும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

6.4க்கு மேல் வைத்திருந்தாலும், ஆன்லைன் இன்ஸ்டாலரில் இது தானாக வராது. கூடுதல் லைப்ரரிகள் என்ற பிரிவைத் திறந்து கியூடி ஸ்பீச் என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். மெயின்டனன்ஸ் டூலைத் திறந்து பின்னாலும் சேர்க்கலாம். தானியங்கி பில்டுக்கு ஏக்யூடி இன்ஸ்டால் பயன்படுத்துகிறவர்கள் தொகுதிப் பட்டியலில் கியூடிஸ்பீச் என்று சேர்க்க வேண்டும். இதை மறந்தால் உங்கள் கணினியில் ஓடும், பில்டு சர்வரில் ஓடாது.

நிரல் பக்கம் வேலை குறைவு. நிரலைக் கட்டும் கருவி சிமேக் என்றால் கம்போனன்ட்ஸ் பட்டியலில் டெக்ஸ்ட்டுஸ்பீச், இணைப்புப் பட்டியலில் கியூடி6::டெக்ஸ்ட்டுஸ்பீச். கியூமேக் என்றால் கியூடி என்ற மாறியோடு டெக்ஸ்ட்டுஸ்பீச். தொகுப்பதே தோற்றால் பிரச்சினை இந்தப் படியில்தான். தொகுத்து, ஓடி, ஓடும்போதுதான் பிளகின் இல்லை என்கிறது என்றால் இந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள்.

உபுண்டு, டெபியனில் விநியோகத்தின் சொந்தக் கியூடியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அங்கே லைப்ரரி ஒரு பொதி, பிளகின் தனிப் பொதி. கியூடி 5க்கு கியூடிஸ்பீச்5-ஸ்பீச்டி-பிளகின், கியூடி 6க்கு கியூடி6-ஸ்பீச்-ஸ்பீச்டி-பிளகின். ஃப்ளைட் வேண்டுமானால் அதே பெயரில் ஸ்பீச்டிக்குப் பதில் ஃப்ளைட். டெவ் என்று முடிகிற பொதியை மட்டும் போட்டால் செயலி அழகாகத் தொகுக்கும், ஓடும், பிளகின் இல்லை என்று சொல்லும். பிடிஎஃப் படிக்கும் நிரலில் "சத்தமாக வாசி" என்பதை அழுத்தி இதே செய்தியைப் பார்க்கும் சாதாரணப் பயனர்களுக்கும் பெரும்பாலும் மருந்து இந்த ஒரு பொதிதான்.

மூலநிரலிலிருந்து கியூடியைக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. லிப்ஸ்பீச்டி-டெவ் கணினியில் இல்லாவிட்டால் ஸ்பீச்டி பிளகின் கட்டப்படாது, அதற்காக யாரும் கூச்சலும் போட மாட்டார்கள். கான்ஃபிகர் முடிந்ததும் வருகிற நீண்ட சுருக்கப் பட்டியலில் "இல்லை" என்று ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான். ஃப்ளைட்டுக்குக் கியூடி மல்டிமீடியாவும் வேண்டும்.

படி 2: செயலி எங்கே தேடுகிறது

பாதிப் பேருக்கு இங்கேதான் விடை கிடைக்கும், எனக்கும் இங்கேதான் கிடைத்தது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கியூடி பிளகின்களைக் கண்ட இடத்தில் தேடாது. அதற்குச் சில பாதைகள் தெரியும், ஒவ்வொரு பாதைக்குள்ளும் டெக்ஸ்ட்டுஸ்பீச் என்ற பெயரில் ஒரு துணை ஃபோல்டரைத் தேடும், அதற்குள் இருப்பதை மட்டும் பார்க்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பி டிஎல்எல் கோப்பைக் கண்டுபிடித்து, செயலியின் இஎக்ஸ்இ கோப்புக்குப் பக்கத்திலேயே போட்டேன். மற்ற டிஎல்எல்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன! ஆனால் பிளகின் அப்படி இல்லை. இஎக்ஸ்இ கோப்புக்குப் பக்கத்தில் டெக்ஸ்ட்டுஸ்பீச் என்று ஃபோல்டர் போட்டு, அதற்குள் வைக்க வேண்டும். ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கிடையாது.

அது எங்கெங்கே தேடுகிறது என்பதை அதன் வாயாலேயே சொல்ல வைக்கலாம். கியூடி_டீபக்_பிளகின்ஸ் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்து, பெயர் முழுவதும் பெரிய எழுத்தில், அதே டெர்மினலில் செயலியை ஓட்டுங்கள். கொட்டோ கொட்டென்று கொட்டும், பயப்படாதீர்கள், டெக்ஸ்ட்டுஸ்பீச் என்ற சொல்லை மட்டும் தேடுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலிலேயே வந்துவிடும். விண்டோஸில் சாளரச் செயலிக்கு கன்சோல் கிடையாது என்பதால் ஒன்றுமே தெரியாது; கியூடி கிரியேட்டருக்குள்ளிருந்து ஓட்டி, ப்ராஜெக்ட்ஸ் பக்கத்தில் ரன் பிரிவின் சூழல் அமைப்பில் இந்த மாறியைச் சேர்த்தால் கீழே அப்ளிகேஷன் அவுட்புட்டில் வரும். கியூடி கிரியேட்டர் இல்லாத அத்தை வீட்டுக் கணினி மாதிரியான இடத்தில் டீபக்வியூ என்ற இலவசக் கருவி போதும்.

அந்தக் கொட்டலில் மூன்று விதமான காட்சி தெரியலாம். முதலாவது, டெக்ஸ்ட்டுஸ்பீச் ஃபோல்டரைப் பார்க்கிறேன் என்று பாதைகள் வரும், ஆனால் கோப்பு எதுவும் கிடைக்காது: பிளகின் அந்தப் பாதைகளில் இல்லை, நகல் எடுத்து வையுங்கள். இரண்டாவது, நீங்கள் எதிர்பார்க்காத பாதையைப் பார்க்கும்: உங்கள் கியூடி 6 செயலி போய்க் கணினியின் கியூடி 5 ஃபோல்டரை மோந்துகொண்டிருக்கும். இதற்குப் பெரும்பாலும் கியூடி_பிளகின்_பாத் என்ற மாறிதான் காரணம், வேறு ஏதோ நிரலோ நீங்களே எப்போதோ எழுதிய ஸ்கிரிப்டோ அதை அமைத்திருக்கும். அதை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். செயலிக்குப் பக்கத்தில் கியூடி.கான்ஃப் என்ற கோப்பு கிடந்தால் அதையும் திறந்து பாருங்கள், அதில் எழுதிய பிளகின் பாதை எல்லாவற்றையும் திசைதிருப்பிவிடும்.

மூன்றாவது காட்சிதான் சுவாரசியமானது. கோப்பைக் கண்டுபிடிக்கும், ஆனால் வேண்டாம் என்று தள்ளிவிடும். பொருந்தாத கியூடி லைப்ரரி என்றோ, டீபக்கையும் ரிலீஸையும் கலக்க முடியாது என்றோ ஒரு வரி இருக்கும். விண்டோஸில் டீபக் பில்டுக்கான பிளகின் பெயரின் முடிவில் டி என்ற எழுத்து ஒட்டியிருக்கும். டீபக் செயலிக்கு அது வேண்டும், ரிலீஸ் செயலிக்கு அது இல்லாதது வேண்டும். எம்எஸ்விசி என்ற தொகுப்பியின் கிட்டில் கட்டிய செயலியோடு மின்ஜிடபிள்யூ என்ற வேறு தொகுப்பியின் கிட்டில் வந்த பிளகினை வைத்தாலும் கதை இதேதான். இரண்டு கிட்டிலும் ஒரே பிளகின்கள் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றின் பிளகின்ஸ் ஃபோல்டரையும் கண்ணால் பாருங்கள்.

உங்கள் கியூடியின் பிளகின் ஃபோல்டர் எது என்று தெரியாவிட்டால், கியூமேக் கட்டளைக்கு மைனஸ் குவெரி கொடுத்து கியூடி_இன்ஸ்டால்_பிளகின்ஸ் என்று கேளுங்கள், சொல்லும்.

படி 3: கண்டும் திறக்க முடியவில்லை

கோப்பு சரியான இடத்தில் இருக்கிறது, பதிப்பும் பொருந்துகிறது, ஆனாலும் லோட் ஆகவில்லை. அப்படியானால் பிளகினுக்குத் துணையாக வர வேண்டியது ஏதோ வரவில்லை.

லினக்ஸில் எல்டிடி என்ற கட்டளைக்குப் பிளகின் கோப்பின் பாதையைக் கொடுங்கள். நாட் ஃபவுண்ட் என்று முடிகிற வரி எதுவோ அதுதான் குற்றவாளி. ஸ்பீச்டி பிளகின் என்றால் பத்துக்கு எட்டு முறை லிப்ஸ்பீச்டி.எஸ்ஓ.2 என்றுதான் இருக்கும். லிப்ஸ்பீச்டி2 பொதியைப் போட்டால் தீரும். பைத்தானுக்கான கியூடியான பைசைட் 6ஐப் பிப் வழியாக நிறுவியவர்கள் இதில் நிறைய மாட்டுகிறார்கள். பிப் பொதிக்குள் கியூடி முழுவதும் வந்துவிடும், பிளகினும் வந்துவிடும், ஆனால் லினக்ஸின் பேச்சுச் சேவையான ஸ்பீச் டிஸ்பாட்சர் (ஸ்பீச்டி என்பது இதன் சுருக்கம்தான்) வராது, அதை நீங்கள்தான் கணினியில் நிறுவ வேண்டும். டாக்கர் கண்டெய்னரிலும் இதே நிலைதான், அதோடு கண்டெய்னருக்குள் ஒலி எங்கே போகும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

விண்டோஸில் எல்டிடிக்குப் பதில் டிபென்டென்சீஸ் என்ற திறமூலக் கருவி இருக்கிறது, டிஎல்எல்லை இழுத்துப் போட்டால் இல்லாதது சிவப்பில் தெரியும். மேக்கில் ஓடூல் கட்டளைக்குப் பெரிய எழுத்து எல் கொடியைக் கொடுங்கள்.

ஸ்பீச் டிஸ்பாட்சர் உயிரோடு இருக்கிறதா என்று கியூடியை விட்டு வெளியே வந்து சோதியுங்கள். எஸ்பிடி-சே என்ற கட்டளைக்கு ஒரு சொல் கொடுத்தால் பேச வேண்டும். அதுவே பேசவில்லை என்றால் உங்கள் செயலியை எவ்வளவு திருத்தினாலும் பேசாது. மேக்கில் சே என்ற கட்டளை, விண்டோஸில் நரேட்டர், ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் இருக்கும் மாதிரிப் பேச்சு. முதலில் இயங்குதளம் பேசட்டும், பிறகு நம் செயலியைப் பேசச் சொல்லலாம்.

படி 4: அடுத்தவர் கணினிக்குக் கொடுக்கும்போது

விண்டோஸில், செயலிக்கு வேண்டிய கியூடி கோப்புகளைச் சேர்த்துத் தரும் விண்டிப்ளாய்கியூடி என்ற கருவி பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அது உங்கள் இஎக்ஸ்இ எந்தத் தொகுதிகளோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பிளகின்களை எடுக்கிறது. பேச்சு வேலையைத் தனி டிஎல்எல்லில் எழுதி, இஎக்ஸ்இ கோப்பை மட்டும் கருவிக்குக் கொடுத்தால் டெக்ஸ்ட்டுஸ்பீச் விட்டுப்போகும். நான் செய்தது அதேதான். கருவிக்கு டெக்ஸ்ட்டுஸ்பீச் என்ற கொடியைத் தனியாகக் கொடுங்கள், அல்லது உங்கள் டிஎல்எல்லையும் சேர்த்துக் கொடுங்கள். எப்படியானாலும் முடிந்ததும் ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிடுங்கள், ஐந்து விநாடி வேலை.

மேக்கில் பிளகின் இருக்க வேண்டிய இடம் செயலிப் பொதிக்குள் கன்டென்ட்ஸ், அதற்குள் பிளகின்ஸ், அதற்குள் டெக்ஸ்ட்டுஸ்பீச். கையால் நகல் எடுத்து வைத்தால் பிறகு செயலியை மறுபடி கையொப்பமிட வேண்டும். ஹார்டன்ட் ரன்டைம் வைத்துக் கையொப்பமிட்ட செயலி, வேறு கையொப்பமுள்ள அல்லது கையொப்பமே இல்லாத லைப்ரரியைத் திறக்காது. உங்கள் மேக்கில் ஓடும், வாங்கியவர் மேக்கில் ஊமை.

நிலையான இணைப்பில் கட்டிய கியூடி என்றால் ஃபோல்டர் எல்லாம் கிடையாது, பிளகின் செயலிக்குள்ளேயே சேர வேண்டும். சிமேக்கில் கியூடியின் சொந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தினால் தானாகச் சேரும், இல்லையென்றால் கியூ_இம்போர்ட்_பிளகின் மேக்ரோ. பிளாட்பேக் மாதிரி மணற்பெட்டிக்குள் ஓடும் செயலிக்கு, வெளியே இருக்கும் ஸ்பீச் டிஸ்பாட்சரின் சாக்கெட் எட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

படி 5: ஆண்ட்ராய்டு

ஆண்ட்ராய்டில் பிளகின் ஏபிகேக்குள் சேர்ந்துவிடும், அதில் தொல்லை குறைவு. தொல்லை வேறு இடத்தில். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு செயலிக்குக் கைபேசியில் இருக்கும் மற்றச் செயலிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. குரல் எஞ்சினும் இன்னொரு செயலிதானே! ஆகவே ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் கோப்பில் குவெரீஸ் என்ற உறுப்பு போட்டு, அதற்குள் டிடிஎஸ்_சர்வீஸ் என்று முடிகிற இன்டென்ட் ஆக்‌ஷனை அறிவிக்க வேண்டும். கியூடி, ஃபிளட்டர், நேரடியாகக் காட்லின் எதில் எழுதினாலும் இது பொது. பழைய கைபேசியில் பேசிய செயலி, புதுக் கைபேசிக்கு மாறியதும் ஊமையானால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரியது. இங்கே ஹுவாவே கைபேசி வைத்திருப்பவர்கள் நிறைய. 2019க்குப் பிறகு வந்த அதன் புதிய வகைகளில் கூகுள் சேவைகள் கிடையாது, ஆகவே கூகுளின் குரல் எஞ்சினும் கிடையாது. வேறு எஞ்சின் நிறுவியிருக்கிறதா, அதில் தமிழ் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். ஈஸ்பீக் என்ஜி என்ற திறமூலக் குரல் எஞ்சினின் ஆண்ட்ராய்டுப் பதிப்பைப் போட்டால் தமிழ் வரும், குரல் மட்டும் பழைய ரோபோ படத்தில் வருகிற மாதிரி இருக்கும்.

ஃபிளட்டர்காரர்களுக்கு இரண்டு வரி. அங்கே இதே நோயின் பெயர் மிஸ்ஸிங் பிளகின் எக்ஸெப்ஷன். ஃபிளட்டர்_டிடிஎஸ் பொதியைச் சேர்த்துவிட்டு ஹாட் ரீலோடு செய்தால் வரும், ஏனென்றால் டார்ட் பக்கம் மட்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கும், இயங்குதளப் பக்கத்து நிரல் பழையதாகவே இருக்கும். செயலியை முழுசாக நிறுத்தி மறுபடி கட்டுங்கள். அதிலும் தீராவிட்டால் ஃபிளட்டர் கிளீன், ஆப்பிளில் பாட் இன்ஸ்டால். லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வருகிறது என்றால் உங்கள் தப்பு எதுவுமில்லை, அந்தப் பொதி ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வலை, மேக், விண்டோஸ் ஆகியவற்றுக்குத்தான் எழுதப்பட்டது.

படி 6: எஞ்சின் இருக்கிறது, தமிழைக் காணோம்

அத்தை வீட்டில் டெக்ஸ்ட்டுஸ்பீச் ஃபோல்டரைச் சரியாக வைத்து, பொத்தானை அழுத்தியதும் பேசியது! ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் வரி வந்தால் தாண்டிப் போய்விடும், நடுவில் இருக்கும் எண்களை மட்டும் ஆங்கிலத்தில் வாசிக்கும். "செவன், ட்வெல்வ் என்கிறது, நாலு நம்பர் லாட்டரி முடிவா சொல்கிறது?" என்று அத்தை கேட்டார்.

விண்டோஸில் அமைப்புகள், நேரமும் மொழியும், பேச்சு என்று போய்த் தமிழ் (இந்தியா) குரலைச் சேர்க்கலாம். வருகிற ஆண் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர். சேர்த்தேன், நரேட்டரில் வள்ளுவர் பேசினார், என் செயலியில் அவரைக் காணோம். காரணம், விண்டோஸில் குரல்கள் இரண்டு தனித்தனிப் பதிவேடுகளில் இருக்கின்றன. பழைய சாப்பி 5 குரல்கள் ரெஜிஸ்ட்ரியில் ஒரு கிளையில், ஒன்கோர் எனப்படும் புதுக் குரல்கள் இன்னொரு கிளையில். வள்ளுவர் ஒன்கோர்காரர். கியூடியின் சாப்பி எஞ்சின் பழைய கிளையைப் பார்க்கும், வின்ஆர்டி எஞ்சின்தான் புதுக் கிளையைப் பார்க்கும். ஆகவே பொருளை உருவாக்கும்போதே எஞ்சின் பெயராக வின்ஆர்டி என்று கொடுங்கள், அந்தப் பிளகினும் ஃபோல்டரில் இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுத்து ஒட்டும் வித்தையைப் பலரும் சொல்வார்கள், உங்கள் கணினியில் செய்து பாருங்கள், அத்தை கணினியில் செய்யாதீர்கள்.

லினக்ஸில் ஃப்ளைட்டை நம்பாதீர்கள், கியூடியின் ஃப்ளைட் பிளகின் தேடுவது அமெரிக்க ஆங்கிலக் குரல்களை. ஸ்பீச் டிஸ்பாட்சரும் ஈஸ்பீக் என்ஜியும் இருந்தால் தமிழும் மலாயும் வரும். மேக்கில் அணுகல்தன்மை அமைப்பில் வாணி என்ற தமிழ்க் குரலைத் தரவிறக்கலாம். அங்கே மேக்ஓஎஸ் என்ற எஞ்சினைவிட டார்வின் எஞ்சினை எடுங்கள், முன்னது நம்பியிருக்கும் பழைய இடைமுகத்தை ஆப்பிள் மேக்ஓஎஸ் 14லேயே வழக்கொழிந்ததாக அறிவித்துவிட்டது.

இன்னொரு பொறி, நம்மைப் போன்றவர்களுக்காகவே வைத்தது. நாம் மலேசியர், ஆகவே நிரலில் தமிழ், மலேசியா என்று லொகேலை அமைப்போம். அப்படி ஒரு லொகேல் உண்மையிலேயே இருக்கிறது, கியூடிக்கும் தெரியும். ஆனால் கணினிக்குள் இருக்கும் குரல்கள் பெரும்பாலும் தமிழ், இந்தியா என்று பதிவானவை, ஆகவே பொருந்தாமல் பழைய மொழியிலேயே நின்றுவிடும். அவெய்லபிள்லொகேல்ஸ் தருகிற பட்டியலை ஓட்டி, மொழி தமிழா என்று மட்டும் பாருங்கள், நாட்டைப் பார்க்காதீர்கள், கிடைத்ததை எடுத்து அமைத்துவிடுங்கள். முரசு என்ற தமிழ் எழுத்து மென்பொருளை 1985லேயே பார்த்த நாடு இது, எழுத்துக்கு இங்கே குறைவில்லை. மலேசியத் தமிழ் என்றே பெயர் போட்ட குரல் எனக்குத் தெரிந்து மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் மேகத்தில் கனி, சூர்யா என்று இரண்டு. அவற்றுக்கு இணைய இணைப்பும் கணக்கும் வேண்டும், கியூடி பிளகின் வழியாக வராது.

நிரலில் செய்யும் இரண்டு தப்பு

பிளகினைக் குறை சொல்வதற்கு முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள். சே என்ற செயற்கூறு பேசி முடிக்கும்வரை காத்திருக்காது, உடனே திரும்பிவிடும். பேசும் பொருளைச் செயற்கூறுக்குள் உள்ளூர் மாறியாக வைத்தால், வாய் திறப்பதற்குள் அது அழிந்துவிடும். வகுப்பின் உறுப்பாக வையுங்கள்.

இரண்டாவது, எல்லா எஞ்சினும் உருவாக்கிய கணமே தயாராகிவிடுவதில்லை, ஆண்ட்ராய்டில் கட்டாயம் இல்லை. ஸ்டேட்சேஞ்ச்டு சிக்னலைப் பிடித்து, ரெடி என்று வந்தபின் முதல் வரியைக் கொடுங்கள். கியூடி 6.4 முதல் எரர்ரீசன், எரர்ஸ்ட்ரிங் என்று இரண்டு இருக்கின்றன, இரண்டையும் லாகில் அச்சிடுங்கள். செயலி ஊமையானால் திரையில் பெரிய எழுத்தில் ஒரு வரி வரட்டும், "குரல் கிடைக்கவில்லை" என்று. பார்வை மங்கியவருக்குக் கொடுக்கும் செயலி சத்தமில்லாமல் தோற்றால், அது தோற்றதே அவருக்குத் தெரியாது, தான்தான் தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது அத்தை தினமும் காலையில் வள்ளுவரை வைத்து நாளிதழ் கேட்கிறார். மலேசிய ரிங்கிட்டைக் குறிக்கும் ஆர்எம் என்று வரும் இடத்திலெல்லாம் வள்ளுவர் திணறினார், ஆகவே பேசக் கொடுப்பதற்கு முன் அதை வெள்ளி என்று மாற்றிவிடுகிறேன், எண்ணுக்குப் பின்னால் வருகிற மாதிரி. அப்புறம் "கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லு, எங்கேயோ பஸ்ஸுக்கு ஓடுகிற மாதிரி வாசிக்கிறான்" என்றார். செட்ரேட்டுக்கு மைனஸ் 1 முதல் 1 வரை கொடுக்கலாம், 0 சாதாரண வேகம். மைனஸ் 0.3 வைத்திருக்கிறேன், இதுவரை புகார் இல்லை.